பேகம் யார் பெயரில்

அல் ஐன்
20.11.2024

அன்புள்ள மஹ்விஷுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உறையைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று நெஞ்சைப் பிடித்திருப்பாய். ஒன்றும் ஆகவில்லை. குத்துக்கல் மாதிரி இருக்கிறேன். போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் பாதியில் வைத்துவிடுகிறேன். என் பெரியப்பா மகள் குல்சும் ஆப்பாதான் சொன்னாள், "எழுதித் தொலைங்களேன்டா, காகிதத்துல யாரும் கத்த முடியாதில்ல" என்று. உருதுவில் எழுதினால் என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிப்பாய். ஆகையால் தமிழ்.

விஷயம் பேகத்தைப் பற்றி. கிண்டியில் ஓடிக் களைத்த அந்த மகாராணியை நம் இரண்டு பேர் பெயரிலும் வாங்கியபோது, "ஜெயிக்காத குதிரைக்கு ரெண்டு முதலாளியா?" என்று என் அம்மி சிரித்தாள். இப்போது அவளை வாங்க ஒருவர் வந்திருக்கிறார். ஆடிட்டர் சுவாமிநாதன், லஸ் பக்கம் வீடு. வயிற்றில் இருக்கும் குட்டியோடு வேண்டுமாம். ஆனால் குட்டி பிறப்பதற்கு முன்பே பேகம் அவர் பெயருக்கு மாறியிருக்க வேண்டும் என்கிறார்.

காரணம் உனக்குத் தெரியும். குட்டி தரையில் விழுகிற நாளில் தாய் யார் பெயரில் இருக்கிறதோ, அவர்தான் பதிவில் பிரீடர், அதாவது குட்டியை ஈனவைத்தவர். அப்புறம் அந்தக் குட்டி எத்தனை கை மாறினாலும், எந்த ஊரில் ஓடினாலும் அந்த இடத்தில் அந்தப் பெயர்தான். முதலாளி மாறுவான், பிரீடர் மாற மாட்டான். ஆடிட்டருக்கு அந்த இடத்தில் தன் பெயரைப் பார்க்க ஆசை.

நாம் பிரிவது என்று ஆன பிறகு இருவர் பெயரிலும் ஒரு குதிரை எதற்கு, சொல். பிப்ரவரி நடுவில் ஈனுவாள். அதற்குள் மாற்றிவிடுவோம். விற்பனைப் படிவத்தில் நீ கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பு. நானும் போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

லாயத்து முருகனிடம் சொல், கொள்ளுத் தீனியைக் குறைக்கட்டும். வயிறு கனத்த பிறகு அவளை மணலில் நடத்த வேண்டாம். உன் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

முதஸ்ஸிர்


கச்சேரி ரோடு, மயிலாப்பூர்
4.12.2024

அன்பான முதஸ்ஸிருக்கு,

வ அலைக்கும் ஸலாம். நலமா என்று கேட்கப்போவதில்லை, குத்துக்கல் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நான் குத்துக்கல் இல்லை. புயல் மழையில் தெருவெல்லாம் தண்ணீர், பள்ளிக்கூடத்துக்கு லீவு, வீட்டில் நானும் உங்கள் பழைய ரைடிங் பூட்ஸும். பூட்ஸுக்குப் பூஞ்சை பிடித்துவிட்டது. துடைத்து வெயிலுக்குக் காத்திருக்கிறேன்.

உங்கள் ஆடிட்டர் ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு இஞ்சம்பாக்கம் லாயத்துக்கு வந்தார். பேகத்தைப் பார்க்கவே இல்லை மனுஷர். நேராக அவள் வம்சாவளித் தாளை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, பெண் பார்க்க வந்த இடத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துவிட்டார். "ஜாதகம் பேஷா இருக்கும்மா. தோப்பனார் வழி, தாயார் வழி ரெண்டுமே உசத்தி. எங்காத்துலகூட இத்தனை தலைமுறை பேர் எனக்குத் தெரியாது!" என்றார். அவர் மனைவி விசாலாக்ஷி மாமி விட்டாரா? "தர்ப்பணத்துக்கு மூணு பேரைச் சொல்றதுக்கே திணறுவேள். குதிரைக்கு அஞ்சு தலைமுறை கேக்கறதோ!" நான் வாயை மூடிக்கொண்டேன். முருகன் வைக்கோல் போருக்குப் பின்னால் போய்ச் சிரித்தான்.

சிரிப்பெல்லாம் அவ்வளவுதான். "நாம் பிரிவது என்று ஆன பிறகு" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனதா, ஆக்கியதா? நான் ஆக்கவில்லை. ஏப்ரல் மாதம் நான் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தப் போயிருந்தேன், திரும்பி வந்தால் உங்கள் பெட்டியைக் காணோம். ஏர்போர்ட்டிலிருந்து ஒரு போன். இதற்குப் பெயர் "ஆன பிறகு" என்றால், சரி, ஆகிவிட்டது.

மார்ச் மாதம் பேகத்தை ஓசூருக்குச் சினைக்குக் கொண்டுபோனோமே, அதை நினைத்துக்கொண்டேதான் படிவத்தை எழுதினேன். திரும்பி வரும்போது கிருஷ்ணகிரி தாண்டி மழை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு நீங்கள் சொன்னீர்கள்: "மஹ்வி, அந்தக் குட்டியோட பேப்பர்ல பிரீடர்னு ஒரு இடம் வரும். அங்க ரெண்டு பேரு இருக்கும். முதஸ்ஸிர், மஹ்விஷ். நாம போய்ச் சேர்ந்தப்புறமும் அது இருக்கும்." எனக்கு அப்போது கழுத்தெல்லாம் புல்லரித்தது. இப்போது அந்த இடத்தில் சுவாமிநாதன் என்று இருக்கட்டும் என்கிறீர்கள்.

கையெழுத்துப் போட்டு இதில் வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்னதை நான் எப்போது மறுத்தேன்? ஆனால் வேண்டாம் என்று ஒரே ஒரு வார்த்தை எழுதினால் போதும், ஆடிட்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன். அந்தப் பெயர்கள் இரண்டும் சேர்ந்து வர வேண்டும் என்று எனக்கு ஆசை, வெட்கம் இல்லாமல் சொல்கிறேன்.

முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படியில் பிடித்துக்கொள்ளக் கை இல்லை.

மஹ்விஷ்


அல் ஐன்
22.12.2024

அன்புள்ள மஹ்விஷுக்கு,

ஸலாம். உன் கடிதத்தை லாயத்தில் வைத்துப் படித்தேன். இங்கே ஒரு சாம்பல் பெண்குதிரை, காரியம் ஆகாவிட்டால் உன்னைப் போலவே மூக்கைத் தூக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளும். அதனிடம் சொன்னேன், "ஊரில் உனக்கு ஒரு அக்கா இருக்கிறாள்" என்று. கடித்துவிட்டது.

கையெழுத்துப் போட்ட படிவம் உள்ளே இருக்கிறது. கூடவே இன்னொரு காகிதம். நம் ஊர் ஜமாஅத் தலைவர் ஹனீஃபா பாய் எழுதி அனுப்பிய பிரிவுக் காகிதம். அதில் நான் போட்டுவிட்டேன். நீ போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறார்.

ஏன் என்று நீ கேட்கவில்லை, கேட்காதது உன் பெருந்தன்மை. நானே சொல்கிறேன். பிள்ளை இல்லை என்று எட்டு வருஷமாக என் அம்மி உன்னைப் பேசினாள். வாசலில் பேசினாள், கல்யாண வீடுகளில் பேசினாள். அடையாறு டாக்டர் ரிப்போர்ட்டைப் படித்து, குறை என்னிடம்தான் என்று சொன்ன அன்று, நீ என் கையைப் பிடித்துக்கொண்டு "பரவாயில்லைங்க" என்றாய். வீட்டுக்கு வந்தோம். அம்மி அன்றைக்கும் உன்னைத்தான் பேசினாள். நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சோறு போட்டாய். அந்தச் சோறு எனக்குத் தொண்டையில் இறங்கவே இல்லை மஹ்வி. இன்றுவரை இறங்கவில்லை.

உனக்கு முப்பத்தாறு வயது. இன்னும் நேரம் இருக்கிறது. நல்ல மனிதன் ஒருவன் கிடைப்பான், பிள்ளை பெற்றுக்கொள்வாய். என்னைக் கட்டிக்கொண்டு நீ ஏன் வெறும் மடியோடு இருக்க வேண்டும்?

மார்கழி, மயிலாப்பூர் எல்லாம் சபா வாசலில் நிற்கும். ஆடிட்டர் கச்சேரி கேண்டீனில் இருப்பார், ஆபீஸில் இருக்க மாட்டார். அங்கேயே போய்ப் படிவத்தைக் கொடுத்துவிடு.

முதஸ்ஸிர்


மயிலாப்பூர்
24.1.2025

முதஸ்ஸிருக்கு,

ஸலாம். என் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறட்டும் என்றுதான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

முப்பத்தாறு, இன்னும் நேரம் இருக்கிறது, வேறு ஆள் கிடைப்பான். அட அல்லாஹ்வே! ஓசூர்ப் பண்ணையில் இந்தப் பொலிகுதிரையிடம் சினை பிடிக்கவில்லை, அடுத்த லாயத்துக்கு ஓட்டு என்பார்களே, அப்படி என்னை ஓட்டப் பார்க்கிறீர்களா? பிள்ளைக்காகத்தான் உங்களிடம் இருந்தேன் என்று யார் உங்களுக்குச் சொன்னது? நான் உங்கள் அம்மியிடம் வாய் திறக்காதது பெருந்தன்மையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் புருஷனை அவர் தாய் இளக்காரமாகப் பார்ப்பதை நான் பார்க்க வேண்டாம் என்றுதான். அது உங்களுக்குத் தொண்டையில் அடைத்ததா? அடைத்தால் தண்ணீர் கேட்டிருக்க வேண்டும், விமானம் ஏறியிருக்கக் கூடாது.

இன்னொன்று. படிவம் புனே குதிரைப் பதிவு அலுவலகத்திலிருந்து திரும்பி வந்துவிட்டது. உங்கள் கையெழுத்து பொருந்தவில்லையாம். எடுத்துப் பார்த்தேன். பேகத்தை வாங்கியபோது நீங்கள் இங்கிலீஷில்தான் போட்டீர்கள். பாங்கு, லைசென்ஸ், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் இங்கிலீஷ்தான். இந்தப் படிவத்தில் மட்டும் உருதுவில் போட்டிருக்கிறீர்கள். நீங்கள் உருதுவில் கையெழுத்துப் போட்டு நான் பார்த்தது ஒரே ஒரு தடவை, நம் நிக்காஹ் பதிவுப் புத்தகத்தில்.

ஆடிட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்னம்மா இது, குதிரைக்காரருக்குத் தன் கையெழுத்தே மறந்துபோயிடுத்தா? நான் நாள்லாம் பாத்து வெச்சுண்டிருக்கேனே!" என்றார். வேலை மும்முரத்தில் மறந்திருப்பார் என்று சமாளித்தேன். குதிரைக் காகிதங்களோடு பிறந்து வளர்ந்த மனுஷர், அப்பா காலத்திலிருந்து படிவம் நிரப்புகிறவர், மறப்பாரா? எனக்கு நம்பிக்கை இல்லை. இல்லாததால் இரண்டு நாளாகச் சமைக்கும்போது பாடுகிறேன். பக்கத்து வீட்டு ஷாகிரா, "இன்னாக்கா, அண்ணன் வர்றாரா?" என்று கேட்டுவிட்டாள்.

புதுப் படிவத்தில் நான் போட்டு அனுப்பியிருக்கிறேன். கூரியரில் போட்டால் மூன்று நாளில் திரும்பி வந்துவிடும். பிரிவுக் காகிதம் அலமாரியில் இருக்கிறது. பென்சில் புள்ளி அப்படியே இருக்கிறது.

மஹ்விஷ்


அல் ஐன்
5.2.2025

அன்புள்ள மஹ்விஷுக்கு,

ஸலாம். கை தவறிவிட்டது. இங்கே சம்பளப் புத்தகத்தில் அரபியில் போட்டுப் போட்டு அப்படியே பழகிவிட்டது. அதற்குமேல் கேட்காதே.

இந்தத் தடவை சரியாகப் போட்டிருக்கிறேன். கடிதம் கூரியரில் வரும். படிவத்துக்குக் கூரியர்க்காரனை நம்ப முடியாது, ஆகையால் அதை அப்துல் கய்யூமிடம் கொடுத்தனுப்புகிறேன். ராயப்பேட்டைக்காரன், என்னோடு லாயத்தில் வேலை பார்க்கிறான். அவன் இருபதாம் தேதி வாக்கில்தான் கிளம்புகிறான். கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் ஆடிட்டரிடம் என் பெயரைச் சொல்லித் திட்டு வாங்கிக்கொள்.

பேகத்தின் மடியைத் தினமும் பார். காம்பு நுனியில் மெழுகு மாதிரி கட்டினால் ஒன்றிரண்டு நாள்தான். வால் அடி தளர்ந்திருக்கும். முதலில் முன்னங்கால் இரண்டும், அவற்றின் மேல் மூக்கும் வர வேண்டும். வேறு மாதிரி வந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடு. நீயாக எதையும் இழுத்துவிடலாம் என்று நினைக்காதே, உனக்கு அவசரம் ஜாஸ்தி. தொப்புள் கொடியை வெட்டாதே, தானாக அறுந்துகொள்ளும். நான் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

நெற்றியில் வெள்ளை இருக்கிறதா, சுழி எங்கே இருக்கிறது, எந்தக் காலில் வெள்ளை, எல்லாம் எழுது. போட்டோ அனுப்பாதே. நீ எழுதி நான் படிக்க வேண்டும்.

முதஸ்ஸிர்


மயிலாப்பூர்
27.2.2025

என் முதஸ்ஸிருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முபாரக்! பெண் குட்டி!

குதிரை ராத்திரியில்தான் ஈனும், யாரும் பார்க்காதபோதுதான் ஈனும் என்பீர்களே, இவள் பட்டப்பகலில், ஜும்ஆ தொழுகை நேரத்தில் ஈன்றாள். பதினாலாம் தேதி வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். முருகன் போன். "மேடம், பேகம் ஒரு மாரியா கீது. வேர்த்துக்கினு படுக்குது, ஏந்துருக்குது. நீ ஆட்டோ புட்சி வந்துடு." சாந்தோமிலிருந்து இஞ்சம்பாக்கம் வரை ஆட்டோக்காரரிடம் நான் பேசிய பேச்சுக்கு அவர் என்னை இறக்கிவிடாமல் இருந்ததே அதிசயம்.

நான் போனபோது முன்னங்கால் வந்துவிட்டது. ஒரு கால், அப்புறம் இன்னொன்று, அதன்மேல் மூக்கு. நீங்கள் எழுதியபடியே. நான் எதையும் இழுக்கவில்லை, என் கையைக் கட்டிக்கொண்டு யாசீன் ஓதினேன். குட்டி விழுந்ததும் பேகம் திரும்பி ஒரு கனைப்புக் கனைத்தாள் பாருங்கள், அப்படி ஒரு குரலில் அவள் கனைத்து நான் கேட்டதே இல்லை. முருகன் அழுதுவிட்டான். நான் அழவில்லை, எனக்கு நேரமில்லை. குட்டி எழுந்து நிற்கப் பார்த்துப் பார்த்து விழுந்தது. ஒவ்வொரு தடவையும் நான்தான் அடிபட்ட மாதிரி "அம்மா" என்றேன்.

தாயைப் போலவே பழுப்பு. நெற்றியில் கோணலாக ஒரு வெள்ளை, சோறு ஊட்டும்போது ஒட்டிக்கொண்ட பருக்கை மாதிரி. வெள்ளைக்கு மேலே ஒரு சுழி, கழுத்தில் வலது பக்கம் ஒன்று. பின்னங்கால் இடதில் மட்டும் குளம்புக்கு மேல் வெள்ளை. போதுமா? பிடரி மயிர் இன்னும் பஞ்சுதான்.

பதிவு டாக்டர் வந்தார். பிடரியில் நாலு மயிர் பிடுங்கி உறையில் போட்டார், டிஎன்ஏ பார்த்துத் தாய் தகப்பனை உறுதி செய்ய. வெள்ளையையும் சுழியையும் படத்தில் வரைந்துகொண்டார். அப்புறம் கேட்டார், "பிரீடர் யாரும்மா?" உங்கள் அப்துல் கய்யூம் அதற்கு முந்தின நாள்தான் பேரீச்சம்பழப் பெட்டிக்கு அடியில் உங்கள் படிவத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். குட்டி பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. நான் இரண்டு பெயரையும் சொன்னேன். எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அவர் எழுதினார்.

"ரெண்டு பேருக்கும் அட்ரஸ்?" என்றார். கச்சேரி ரோடு என்றேன். "ரெண்டு பேருக்கும் ஒரே அட்ரஸா?" என்றார். ஆமாம் என்றேன். ஆமாம், சொல்லிவிட்டேன். குட்டியின் அடையாளப் புத்தகம், பாஸ்போர்ட் என்கிறார்களே, அந்த அட்ரஸுக்குத்தான் வரும்.

ஆடிட்டர் ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் வந்து குட்டியைப் பார்த்தார். அது அவர் அங்கவஸ்திரத்தை வாயில் போட்டுச் சப்பியது. "போறது போ, பேர் போனா என்ன, குழந்தை கிடைச்சாளே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாயையும் சேயையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறாராம். உங்கள் படிவத்தை இன்னும் அவரிடம் கொடுக்கவில்லை. கொடுக்கவா, கிழிக்கவா, நீங்கள் வந்து சொல்லுங்கள்.

ரமலான் பிறக்கப்போகிறது. பெருநாளுக்கு வாருங்கள். இதைவிட எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. ராத்திரியெல்லாம் உங்கள் பக்கத்துத் தலையணையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். பிள்ளை வேண்டாம், வேறு நல்ல மனிதனும் வேண்டாம். அந்தக் கெட்ட மனிதன்தான் வேண்டும். வந்துவிடுங்கள்.

உங்கள் மஹ்விஷ்


அல் ஐன்
15.3.2025

அன்புள்ள மஹ்விஷுக்கு,

ஸலாம். ரமலான் முபாரக். உன் கடிதத்தைத் தினமும் நோன்பு திறந்ததும் ஒரு தடவை படிக்கிறேன். கோணல் வெள்ளை, பருக்கை என்று எழுதினாயே, கண்ணை மூடினால் தெரிகிறது.

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. கை தவறவில்லை. கய்யூம் எப்போது கிளம்புவான் என்று தெரிந்துதான் அவனிடம் கொடுத்தேன். என் தாத்தா, என் அப்பா, நான் எல்லோரும் அடுத்தவன் குதிரையின் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள். ஒரு காகிதத்திலும் எங்கள் பெயர் இல்லை. எனக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் இல்லை. ஒரு குட்டியின் காகிதத்திலாவது என் பெயரும் உன் பெயரும் சேர்ந்து இருக்கட்டும் என்று நினைத்தேன். இப்போது இருக்கிறது. யாரும் அழிக்க முடியாது.

எனக்கு அது போதும் மஹ்வி.

நான் வரவில்லை. வந்தால் உன் முகத்தைப் பார்த்தபிறகு திரும்ப முடியாது. நாளைக்கே எவளாவது உன்னைப் பேசுவாள், நீ வாய் மூடிச் சோறு போடுவாய், மறுபடி எனக்குத் தொண்டையில் அடைக்கும். என்னால் அது முடியாது. படிவத்தை ஆடிட்டரிடம் கொடுத்துவிடு. நல்ல மனிதர், பார்த்துக்கொள்வார். மற்ற காகிதத்தையும் முடித்துவிடு. உன் நல்லதுக்குச் சொல்கிறேன்.

முதஸ்ஸிர்


மயிலாப்பூர்
12.4.2025

முதஸ்ஸிருக்கு,

ஸலாம். பெருநாள் அன்று உங்கள் அம்மியைப் போய்ப் பார்த்தேன், ஷீர்குர்மா பாயசம் கொடுத்தேன். அவர் பேசினார். நான் இந்தத் தடவை வாய் திறந்தேன். "உங்க மகனுக்குப் பிள்ளை பிறக்காது மாமி. எனக்குக் குறை இல்லை. தெரிஞ்சும்தான் இருந்தேன், இருக்கவும்தான் ஆசைப்பட்டேன்" என்றேன். அவர் கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என் தலையில் கை வைத்தார். ஆகையால் அந்தச் சாக்கு இனி உங்களுக்கு இல்லை. நீங்கள் வந்திருந்தால் இனி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

நேற்று பேகமும் குட்டியும் போனார்கள். அறுபத்து மூவர் கூட்டம் கலைந்த மறுநாள், மயிலாப்பூரில் மோர்ப் பந்தல்களைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. வண்டியில் குட்டி ஏறவே இல்லை, பேகம் ஏறி நின்று கூப்பிட்டதும் துள்ளி ஏறிக்கொண்டது. விசாலாக்ஷி மாமி கற்பூரம் சுற்றிப் போட்டார். முருகன் அவர்களோடே போகிறான், ஆடிட்டரிடமே வேலை. "நீ அழாத மேடம், வாரம் வாரம் வந்து பாரு, நான் கீறேன்" என்றான். சரி என்றேன். போகமாட்டேன்.

குட்டியின் பாஸ்போர்ட் வந்தது. பிரீடர் என்ற இடத்தில் நம் பெயர்கள். உங்களுக்காக அதைப் பார்த்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு ஆடிட்டரிடம் கொடுத்துவிட்டேன்.

உங்களுக்கு அது போதும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் போதாது முதஸ்ஸிர். எனக்குப் பெயர் வேண்டியிருக்கவில்லை. மாடிப்படியில் ஒரு கை, சோற்றுக்கு முன்னால் ஒரு முகம், சண்டை போட ஒரு ஆள், இவ்வளவுதான் கேட்டேன். குட்டியும் காகிதமும் எல்லாம் உங்களை வரவழைக்க நான் பிடித்த கொம்புகள். உங்களுக்கோ அது கிடைத்ததே ஊர் வந்து சேர்ந்த மாதிரி ஆகிவிட்டது.

ஹனீஃபா பாயின் காகிதத்தில் பென்சில் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டு அவர் கையில் கொடுத்துவிட்டேன். உங்கள் பூட்ஸ் கய்யூமிடம் வருகிறது.

இனி எனக்கு எழுதாதீர்கள். எழுதினால் நான் பதில் போட்டுவிடுவேன்.

மஹ்விஷ்